பெயர் போடாத ஜெபக் குறிப்பு

நான் புறம் பேசுகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் புறம் பேசுகிறவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் என் பெயர் இருந்ததில்லை, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அன்று காலை ஐந்தரைக்கு எழுந்து, முழங்கால் போட்டு ஜெபித்தேன். மனசில் இருந்த பாரம் குறையவில்லை. போனை எடுத்தேன். எங்கள் பெண்கள் ஜெபக் குழுவுக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப் உண்டு. நாற்பத்தொரு பேர். யாருக்கு என்ன கஷ்டமோ அதைக் காலையில் எழுதிப் போட்டால், மற்றவர்கள் கைகூப்பின படம் ஒன்றைப் போட்டுவிட்டு அன்று முழுக்க அதற்காக ஜெபிப்பார்கள். ஜெபக் குறிப்பு என்று அதற்குப் பெயர். நான் இப்படி எழுதினேன்:

"கர்த்தருக்குள் பிரியமான சகோதரிகளே, என் குடும்பத்தில் ஒரு சகோதரி வலிப்பு நோயால் மிகவும் அவதிப்படுகிறார். பூரண சுகம் கிடைக்கப் பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்."

பெயர் வேண்டாம் என்று போட்டதில் எனக்கு ஒரு திருப்திகூட. எவ்வளவு ஜாக்கிரதையான பொம்பளை! எங்கள் வீட்டில் இருப்பது மூன்றே பேர். நான், பியூலா, ஐம்பத்தெட்டு வயது, தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் எலியேசர், முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்தவர். அப்புறம் மருமகள் ஆர்த்தி. மகன் ரூபன் ஓசூரில் வேலை பார்க்கிறான், வாரக் கடைசியில் வருவான். அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்று வரவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் 'ஒரு சகோதரி' யார் என்று எல்.கே.ஜி. பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆர்த்தி அதை என்னிடம் சொன்னது வியாழக்கிழமை. நான் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, மேடை மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வலிப்பு உண்டு. ஃப்ரிட்ஜ் மேல இருக்குதே மாத்திரை, அது தைராய்டுக்கு இல்ல, இதுக்குத்தான். காலைல ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி. ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. எங்க அப்பாவுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவருகிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

அவர் என்றால் ரூபன். பெத்த பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு என்னிடம் மறைத்துவிட்டான் என்ற கோபம் எனக்கு அந்த நிமிஷமே வந்துவிட்டது. ஆர்த்தி பேசிக்கொண்டே போனாள். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்களாம். அதற்கு முன்னால் வேலூர் டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்ற வேண்டுமாம். இன்னும் என்னென்னவோ சொன்னாள். வலிப்பு என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் என் காதில் ஏறவில்லை.

"எங்க அம்மா இருந்திருந்தா அவங்களக் கூப்புட்டுப் போயிருப்பேன். நீங்க கூட வரீங்களா அத்தை?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயதிலேயே அம்மா போய்விட்டாள். போளூரில் அப்பா அருணகிரிதான் தனியாக வளர்த்தார். "வேற யாருக்கும் சொல்லிடாதீங்க. ஸ்கூல்ல தெரிஞ்சா வேலை போயிடும்."

"என் வாயிலேர்ந்து வராதும்மா" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். உண்மைதான், வாயிலிருந்து வரவில்லை. விரலிலிருந்து வந்தது.

ஏன் எழுதினேன் என்று கேட்டால், அன்றைக்குப் பாரம் என்று சொல்லியிருப்பேன். பாதி பாரம்தான். மீதியையும் மறைக்காமல் சொல்கிறேன். குரூப்பில் மற்றவர்கள் பெரிய பெரிய குறிப்பாகப் போடுவார்கள், ஆபரேஷன், கோர்ட்டு கேஸ் என்று. நான் மூன்று வருஷமாக என் மூட்டு வலியையே போட்டுக்கொண்டிருந்தேன். வலிப்பு என்று எழுதி அனுப்பியதும் மடமடவென்று இருபது பேர் கைகூப்பினார்கள். எனக்கு அது நன்றாக இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட்ட பாத்திரம் கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்தால் அறுபத்து மூன்று மெசேஜ். குழுத் தலைவி தொற்காள் அக்கா போட்டது நடுவில் கிடந்தது: "பியூலா சிஸ்டர் மருமகளுக்காக இன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டில் விசேஷ ஜெபம். எண்ணெய் பூசி ஜெபிக்கப்படும். முடிந்தவர்கள் வரவும்."

அதற்குக் கீழே ஒரே வரி. "நானும் வருகிறேன் - கிளாரா."

அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தேன். கிளாரா மேடம் எங்கள் சபைதான். வேங்கிக்காலில் நர்சரிப் பள்ளி நடத்துகிறவர். அந்தப் பள்ளியில்தான் ஆர்த்தி யு.கே.ஜி.க்குப் பாடம் எடுக்கிறாள். ஒரு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தர வேலைக்கான ஆர்டரில் திங்கட்கிழமை கையெழுத்து. பிள்ளைகள் விஷயத்தில் கிளாரா மேடம் ரொம்பக் கறார். இருமல் ஜாஸ்தியாக இருந்தது என்று ஒரு ஆயாவை ஒரு மாதம் வீட்டிலேயே உட்கார வைத்தவர்.

முதலில் நான் எழுதியதை அழித்தேன். அழித்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. உடனே ஐந்தாறு பேர் "என்ன ஆச்சு சிஸ்டர்? ரொம்ப சீரியஸா?" என்று கேட்டார்கள். அதற்குள் அது எங்கெங்கே போய்ச் சேர்ந்ததோ. தொற்காள் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இன்னிக்கு வேணாம்க்கா. பௌர்ணமி, ரோடெல்லாம் அடைச்சி வச்சிருப்பாங்க. எப்படி வருவீங்க?"

"ஏரிக்கரைப் பக்கமா சுத்திக்கினு ஆட்டோல வந்துடறோம் சிஸ்டர்."

"அவளுக்கு உடம்பு முடியல, படுத்திருக்கா."

"அதுக்குத்தானே வரோம்."

"இல்லக்கா, என் வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு."

"பாத்தீங்களா? மூணு தடை சொல்லிட்டீங்க. இது நீங்க பேசல சிஸ்டர், சத்துரு பேசறான். நாங்க வரக் கூடாதுன்னு அவன் பாக்கறான். அப்படின்னா கண்டிப்பா வந்தே ஆகணும்." போனை வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யார் மேல் ஆத்திரப்படுவது? மாட்டேன் என்று சொன்ன எத்தனை வீட்டுக்கு இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நானும் அக்காவோடு போய் நின்றிருக்கிறேன். சத்துரு, அதாவது சாத்தான், தடை பண்ணுகிறான் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க முடியாது. கிளாரா மேடத்துக்கு நான்கு முறை அடித்தேன், எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு கிட்ட கேட்டியா?"

"ஜெபம் பண்றதுக்குப் போய் யாராவது பர்மிஷன் கேப்பாங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷம் ஊரு கடுதாசி பூரா என் பையிலதான் இருந்துச்சு. ஒண்ண நான் பிரிச்சதில்ல." திரும்பக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவ வந்ததும் மொத வேலையா சொல்லிடு. மத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நீ சொல்லு."

"நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன். உங்க மேல அவளுக்கு மரியாதை ஜாஸ்தி."

"நான் எழுதலையே" என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு முப்பத்திரண்டு வருஷம்.

ஆர்த்தி நாலேகாலுக்கு வந்தாள். பௌர்ணமிக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே வந்து, ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். மெது பக்கோடா, எனக்குப் பிடிக்கும் என்று.

"அத்தை, இன்னிக்குக் கிளாரா மேடம் ரெண்டு வாட்டி என் கிளாஸுக்கு வந்தாங்க. ஒண்ணுமே பேசல. பின்னாடி நின்னு என்னையே பாத்துட்டுப் போனாங்க. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி எடுக்கறேன்னு பாக்கறாங்க போல. நானும் நல்லா எடுத்தேன். ஒரு புள்ளகூட அழல!"

பக்கோடாவின் சூடு கையைச் சுட்டது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஆர்த்தி, இங்க வந்து உக்காரு. ஒரு விஷயம்."

"சொல்லுங்க அத்தை."

உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். சொல்ல வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். பொம்பளைக் கூட்டத்தில் மைக் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள். மறுபடியும் வாயைத் திறந்தேன். அதற்குள் ரூபன் போன் பண்ணினான். அவனிடம் இருபது நிமிஷம் பேசினாள். சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுவரில் நாலு நாற்பது. நான் போய் எதிரில் நின்றேன். போனை வைத்தவள், "இருங்க அத்தை, தலைக்கு ஊத்திக்கினு வந்துடறேன். பூரா சாக்பீஸ் தூளு" என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "ஆர்த்தி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். "என்னா அத்தை?" என்று கேட்டாள். இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லியிருப்பேனோ என்னவோ. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒன்றில்லை, மூன்று. ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

ஒன்பது பேர் வந்தார்கள். "ஸ்தோத்திரம் சிஸ்டர், ஸ்தோத்திரம்" என்று வரிசையாக உள்ளே வந்து, பாய் விரிக்கும் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொற்காள் அக்கா கையில் எண்ணெய்ப் பாட்டில். கிளாரா மேடத்துக்கு முழங்கால் மடங்காது. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். யாரும் எதுவும் பேசுவதற்குள் அவர் என்னைப் பார்த்தார்.

"பியூலா சிஸ்டர், நான் நேராவே கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. என் ஸ்கூல்ல இருபத்தெட்டு சின்னப் புள்ளைங்க அவ கைல இருக்குது. ஆர்த்திக்கா?"

என் வீட்டுக்காரர் டீத் தட்டோடு வந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது முகமும் என் பக்கம் திரும்பியது. உள்ளே தண்ணீர் நின்றுபோயிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவள் ஈரத் தலையோடு வெளியே வருவாள், ஒன்றும் தெரியாமல்.

"இல்ல மேடம்" என்றேன். "எனக்கு."

டம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று மோதின.

"எனக்குத்தான் வலிப்பு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் பேரு வேணாம்னு போட்டேன். மருமகள்னு நான் எழுதல. நீங்களா நினைச்சிக்கினீங்க."

"நீங்க ஸ்கூட்டி ஓட்டிக்கினு வரீங்களே சிஸ்டர்!" என்று யாரோ கேட்டார்கள்.

"இனிமே ஓட்ட மாட்டேன்."

என்னைக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். தலையில் கை வைத்தார்கள், தோளில் வைத்தார்கள், முதுகில் வைத்தார்கள். தொற்காள் அக்கா எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி நெற்றியில் தேய்த்தார்கள். அது வழிந்து கண்ணில் இறங்கி எரிந்தது. அக்காவின் ஜெபம் நீளம் என்று ஊருக்கே தெரியும். வலிப்பின் ஆவியை அவர்கள் அதட்ட அதட்ட, மற்றவர்கள் ஆமென் போட்டார்கள். நான் குலுங்கி விழுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு விழத் தெரியவில்லை. நான் எனக்குள்ளே ஜெபித்தேன். ஆண்டவரே, உம்முடைய பேரில் கூடியிருக்கும் இடத்தில் பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் இரும், அந்தப் பிள்ளைக்கு வேலை போகக் கூடாது.

கண்ணைப் பாதி திறந்தபோது அடுக்களை வாசலில் ஒரு ஜோடி ஈரக் கால் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தலையில் துண்டோடு ஆர்த்தி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் நெற்றி எண்ணெயைப் பார்த்தாள். "இந்த வலிப்பின் கட்டு இன்றே அறுந்து போவதாக" என்று அக்கா சத்தம் போட்டார்கள். ஆர்த்தியின் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்துபோனது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அங்கிருந்து அசையவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்தார்கள்.

"மாத்திரை சாப்பிடறீங்களா சிஸ்டர்?"

இல்லை என்று சொன்னால் இவர்கள் நம்ப மாட்டார்கள். "ஆமாக்கா" என்றேன்.

"எங்க வச்சிருக்கீங்க?"

அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கண் ஃப்ரிட்ஜ் மேல் போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஒரு சிஸ்டர் எட்டி அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துவிட்டார்.

"இன்னியோட இது வேணாம்" என்றார்கள் அக்கா. "சுகமாயிடுச்சின்னு விசுவாசிச்சா இது எதுக்கு? உங்க கையாலயே குப்பையில போடுங்க. நாங்க பாக்கணும்."

டப்பாவுக்குள் மாத்திரை அட்டையோடு டாக்டர் சீட்டும் இருந்தது. அதில் ஆர்த்தி பெயர் இருக்கிறது. கிளாரா மேடம் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்து போய் டப்பாவைப் பிடித்தேன்.

"தொடாதீங்க."

"நம்பிக்கை இல்லையா சிஸ்டர்?" என்றார்கள் அக்கா.

"நம்பிக்கை இருக்குது. மாத்திரையும் இருக்கட்டும். ஆண்டவரு டாக்டரைத் திட்டினதா நான் எங்கயும் படிக்கல. குடுங்க!"

டப்பாவை எடுத்த சிஸ்டர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுத்தேன். அறுபது வயதை நெருங்குகிற இரண்டு பொம்பளைகள், ரேஷன் கடையில் சண்டை போடுவதுபோல. என் கையெல்லாம் எண்ணெய், வழுக்கியது. மூடி கழன்று தரையில் உருண்டு போனது. சீட்டின் ஓரம் வெளியே தெரிந்தது.

அப்போது ஆர்த்தி வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி நிதானமாக வந்து, எங்கள் இருவர் கைக்கும் நடுவிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்தாள். மேஜை மேல் இருந்த சொம்பைத் தூக்கி, எல்லோரும் பார்க்க, வாயில் போட்டு விழுங்கினாள்.

"மணி ஆறு ஆயிடுச்சி அத்தை" என்றாள். "எனக்கு நேரம் தப்பக் கூடாது."

தெருவில் போகிற கிரிவலக்காரர்களின் சத்தம் மட்டும் கேட்டது. தொற்காள் அக்காதான் முதலில் பேசினார்கள்.

"அப்போ பொய்யா? கை வச்சி ஜெபம் பண்றோம், அதுல உக்காந்துக்கினு பொய்யா சிஸ்டர்?" எண்ணெய்ப் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார்கள். "உங்க கிட்ட இத நான் எதிர்பார்க்கல."

ஆர்த்தி, என் வீட்டுக்காரர் திரும்பச் சூடு பண்ணிக் கொண்டுவந்த டீத் தட்டை வாங்கினாள். "டீ ஆறுது ஆன்ட்டி, குடிச்சிட்டுப் போங்க" என்று ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினாள். பாதிப் பேர் எடுத்தார்கள், பாதிப் பேர் எடுக்கவில்லை. கிளாரா மேடம் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார்.

"ஆர்த்தி, திங்கக்கிழமை அந்த ஆர்டர் இருக்கட்டும். நான் யோசிக்கணும். சின்னப் புள்ளைங்கம்மா."

"சரிங்க மேடம்" என்றாள்.

ஆட்டோக்கள் போய்விட்டன. ஆர்த்தி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். பாயைச் சுருட்டினாள். தரையில் சிந்தியிருந்த எண்ணெயைத் துணி போட்டுத் துடைத்தாள். நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். திட்டினால் தேவலை, பாத்திரத்தைத் தூக்கி எறிந்தால் தேவலை என்று இருந்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தன் போனை என் முன்னால் வைத்தாள். என் குறிப்பு அதில் இருந்தது. பள்ளி டீச்சர்கள் குரூப்புக்கே போய்விட்டிருக்கிறது.

"எனக்காகப் பொய் சொன்னீங்க. பாத்தேன். கண்ல எண்ணெய் ஓடுச்சி, அப்பவும் நீங்க மாத்திச் சொல்லல. அது எனக்குத் தெரியுது அத்தை." போனைத் திரும்பத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "ஆனா காலைல உண்மையைச் சொன்னீங்களே, அத நான் என்ன பண்றது?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முழங்காலிலிருந்து எழுந்த கையோடு, கர்த்தருடைய பெயரைப் போட்டு நான் எழுதியது உண்மை. அதனால்தான் இந்தப் பிள்ளையின் வேலைக்கே ஆபத்து வந்தது. ஜெபத்தில் உட்கார்ந்து நான் சொன்னது பொய். அன்று முழுக்க நான் அவளுக்குச் செய்த ஒரே நல்லது அதுதான்.

"அதுவும் முழுசா உண்மை இல்ல" என்றாள் ஆர்த்தி. "மிகவும் அவதிப்படறேன்னு எழுதியிருக்கீங்க. எப்ப அவதிப்பட்டேன்? கடைசியா வந்தது காலேஜ் செகண்ட் இயர்ல. எட்டு வருஷம் ஆச்சி. ஒரு வாட்டிகூட வரல. என்ன வேலை வேணா பாக்கலாம்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. அன்னிக்கு அடுக்களையில இத எல்லாம் சொன்னேன் அத்தை. நீங்க கேக்கவே இல்ல."

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் ஜெபக் குறிப்பு போடுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இருந்திருக்காது.

போனை எடுத்துக் கிளாரா மேடத்துக்கு அடித்தேன். இந்த முறை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், காலைல நான் எழுதினது தப்பு. அவ அவதிப்படல. எட்டு வருஷமா அவளுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர் லெட்டர் இருக்குது. அவ என்னை நம்பிச் சொன்னா. நான் அத ஊருக்குப் போட்டுட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல மேடம்."

அந்தப் பக்கம் அவர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சிஸ்டர், காலைல ஒண்ணு எழுதினீங்க. அஞ்சு மணிக்கு ஒண்ணு சொன்னீங்க. இப்ப ஒண்ணு சொல்றீங்க. இதுல நான் எத நம்பறது?"

இத்தனை வருஷம் சபையில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. பியூலா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். அந்த மதிப்பு ஒரே நாளில் காலியாகிவிட்டது, அதுவும் அவளுக்குத் தேவைப்படுகிற நேரத்தில்.

"என்னை நம்பாதீங்க மேடம்" என்றேன். "அவளையே கேளுங்க. இது அவ விஷயம். நான் மொதல்லேர்ந்தே இதுல பேசியிருக்கக் கூடாது."

போனை ஆர்த்தியிடம் நீட்டினேன். வாங்கினாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டாள். அவள் என்ன சொன்னாள், அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு கதவோரம் போய் நிற்கிறவள்தான் நான். அன்று போகவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, எண்ணெயைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கால் மணி நேரம் கழித்து வந்தாள். "திங்கக்கிழமை லெட்டரோட வரச் சொல்லியிருக்காங்க. டாக்டர் கிட்டயும் பேசணுமாம். தரேன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"நான் வேணா கூட…" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். "நான் வரணுமா, வேணாமா?"

"வேணாம் அத்தை."

அதைக் கேட்க வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன். எழுந்து அவள் கையைப் பிடித்தேன். என் கை இன்னும் பிசுபிசுவென்றுதான் இருந்தது.

"என்னை மன்னிச்சிடும்மா."

ஆர்த்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிற பெண் இல்லை அவள்.

"இன்னிக்கு முடியாது அத்தை" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலமாரியில் ஒரு பொருள் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்வதுபோல உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மற்றவர்கள் அழும்போது தோளைத் தட்டிக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். எனக்கு யாரும் தட்டவில்லை. அது நியாயம்தான் என்று அழும்போதே தெரிந்தது.

உள்ளே தோசைக் கல்லில் மாவு விழுகிற சத்தம் கேட்டது. "மாமா, சாப்பிட வாங்க. அத்தை, நீங்களும் வாங்க. மத்தியானமே சரியா சாப்பிடல நீங்க" என்று குரல் வந்தது. போய் உட்கார்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் ஓரம் சிவந்திருந்தது. எனக்கு முறுகலாக இருந்தால்தான் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். முறுகலாகவே வார்த்துக்கொண்டுவந்து தட்டில் வைத்தாள். சட்னியை ஓரமாக ஊற்றினாள்.

என்னை இன்னும் மன்னிக்காதவள் போட்ட தோசையை ஒவ்வொரு துண்டாகப் பிட்டுச் சாப்பிட்டேன். தட்டு காலியானதும் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் இன்னொன்று கொண்டுவந்து வைத்தாள்.